முன்னச்சு

நெடுந்தீவின் மேற்குக் கரையிலிருந்து மாவிலித்துறைக்குப் போகிற தெருவில் சூசையப்பர் முடக்கு என்று ஓரிடம் உண்டு. இரண்டு பக்கமும் முருகைக்கல் அடுக்கிய வேலி நெஞ்சுயரத்துக்கு வரும். நேரே போய்க்கொண்டிருக்கிற தெரு அந்த இடத்தில் சட்டென்று வலப்பக்கம் முறியும். வேலிக்குள் ஒரு சின்னக் கூட்டில் சூசையப்பர் நிற்பார். உப்புக்காற்று அவருடைய முகத்தை எப்போதோ கரைத்துவிட்டது.

எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதத்துக்குப் பிறகு, மத்தியான வேளைகளில் சனங்கள் அந்த முடக்கால் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். போகத்தான் வேண்டுமென்றால் இரண்டு பேராகப் போனார்கள். கல்வேலியின் ஓட்டைகளுக்குள்ளால் காற்று ஊதுகிற சத்தம் அந்தத் தீவில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. இது வேறு. இரும்புப் பூண் போட்ட வண்டிச் சில்லு, மேலே இருக்கும் பலகையின் அடியில் உரசுகிற சத்தம். ஒரேயொரு தரம், நீளமாக, பல் கூசும்படி கேட்கும். அதன்பிறகு காற்று மட்டும்தான்.

யாக்கோப்புக்கு அந்தச் சத்தத்தை மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அது அவர் தன் கையால் செய்த வண்டியின் சத்தம். அந்த வண்டியோ துண்டு துண்டாகக் கழன்று அவருடைய வளவில் கிணற்றடியில் கிடந்தது.

யாக்கோப்பு கொழும்பில் ஒரு கராச்சில் வாகனங்களின் வில்லும் அச்சும் திருத்திக்கொண்டிருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கராச்சும் குடியிருந்த அறையும் எரிந்துபோக, மனைவி மேரிஜோசப்பினையும் மகள் மாக்கிறேற்றையும் கூட்டிக்கொண்டு அகதிக் கப்பலில் வந்து பிறந்த மண்ணிலேயே மறுபடி அடுப்பு மூட்டினார். வள்ளத்து இயந்திரமோ தண்ணீர் இறைக்கிற மெசினோ பழுதென்றால் அவரிடம்தான் வரும். எண்பத்தேழு பிறந்தவுடன் வடக்கே பெற்றோலும் டீசலும் வருவதை அரசாங்கம் நிறுத்தியது. தீவில் ஓடிய ஒரேயொரு வாடகைக் கார், மார்க்கண்டுவின் பழைய ஒஸ்டின், கிடுகுக் கொட்டிலுக்குள் போய் நின்றது. ஆஸ்பத்திரிக்கென்று அங்கே வாகனம் கிடையாது. வருத்தக்காரரைத் துறைக்கு விரைவாகக் கொண்டுபோக வழியில்லாமல் சனம் தவித்தபோதுதான் யாக்கோப்புவின் கண் தெற்குத் தரவைப் புல்வெளியில் மேய்கிற குதிரைகள்மேல் போனது.

ஒல்லாந்தர் விட்டுப்போன குதிரைகளின் வழியில் வந்தவை அவை. கட்டையானவை, மயிர் சடைத்தவை, யாருக்கும் அடங்காதவை. அவற்றில் செந்நிறப் பெண்குதிரை ஒன்றைப் பிடித்து, பனங்கட்டியும் தவிடும் கொடுத்துப் பழக்கினார். செம்பி என்று பெயரும் வைத்தார். பழைய மாட்டு வண்டிகள் இரண்டின் சாமான்களைக் கொண்டு நாலு சில்லு வண்டி ஒன்றும் செய்தார். முன் சில்லுகள் இரண்டையும் தாங்கிய அச்சு, நடுவில் ஒரு பெரிய ஆணியில் சுழன்றது. கையில் கிடைத்த சாமானுக்கு அவ்வளவுதான் செய்ய முடிந்தது. சனம் அதற்கே அவரைக் கும்பிட்டது.

மாசியில் ஒரு மத்தியானம் மார்க்கண்டுவின் மனைவி இலட்சுமிப்பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வந்தது. ஆஸ்பத்திரியில் உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். துறையில் வள்ளம் நின்றது. இலட்சுமிப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எங்கடை காரிலை போவமே" என்று இரண்டு தரம் கேட்டாள். காருக்குள் ஊற்ற ஒரு சொட்டும் இருக்கவில்லை. அவளை யாக்கோப்புவின் வண்டியில் ஏற்றினார்கள். சூசையப்பர் முடக்குக்குக் கிட்டப் போகும்போது ஆமியின் ஹெலிகொப்ரர் ஒன்று பனைகளின் தலைக்குமேலால் தாழப் பறந்து வந்தது. செம்பி மிரண்டு முடக்கில் முறித்துத் திரும்பியது. சில்லு பலகையின் அடியில் உரசிய சத்தம் கேட்டது. அடுத்த நொடி வண்டி புரண்டது. இலட்சுமிப்பிள்ளையின் தலை கல்வேலியில் அடிபட்டது. அவள் அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை.

சனம் ஹெலியைத் திட்டியது. குதிரையைத் திட்டியது. யாக்கோப்புவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மார்க்கண்டுவும் சொல்லவில்லை. செத்தவீட்டில் யாக்கோப்பு போய் நின்றபோது, "வாரும், இரும்" என்றார், அவ்வளவுதான். அதுவரை யாக்கோப்புவை 'நீ' என்றே கூப்பிட்டு வந்த மனிதர் அவர்.

அன்று பின்னேரமே யாக்கோப்பு வண்டியைக் கழற்றிப் போட்டார். செம்பியைத் தரவைக்கு அவிழ்த்துவிட்டார். ஆனால் அது தரவையில் நிற்கவில்லை. வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் சூசையப்பர் முடக்கில் வந்து நின்று, வேலியைப் பார்த்தபடி காதை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

சித்திரை முடிந்து சோளகக் காற்று எழும்பியது. வாசலில் கூட்டி முடிக்க முன்னம் மண் வந்து படிந்தது. மாக்கிறேற் நிறைவயிற்றோடு இருந்தாள். புருசன் சவூதிக்குப் போனவன், தபால் வந்தே மாதங்களாயிற்று. ஒருநாள் காலமை மருத்துவிச்சி சிவக்கொழுந்து வந்து அவளுடைய வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குசினிக்கு வந்தாள். மேரிஜோசப்பின் ஒடியல் மாப் புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை குறுக்கை கிடக்கு ஜோசப்பின்," என்றாள் சிவக்கொழுந்து. "தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ரெண்டு கிழமையாப் பாக்கிறன், திரும்புதில்லை. இஞ்சை வைச்சு என்னாலை ஏலாது."

"மாதாவே! அப்ப?"

"வலி துவங்க முதல் யாழ்ப்பாணம் கொண்டு போயிடவேணும். ஒப்பரேசன்தான். அங்காலை குறிகட்டுவான் துறையிலை ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏத்தும், அதுக்கெண்டு கொஞ்ச டீசல் வைச்சிருக்கினம், அதை நான் சொல்லி ஒழுங்கு பண்ணுவன். இஞ்சாலை துறைக்கு எப்பிடிக் கொண்டு போறதெண்டு பாருங்கோ."

"மாட்டு வண்டி ஒண்டு கேட்டுப் பாக்கட்டே?"

"வேண்டாம் ஜோசப்பின். இடைக்கிடை ரத்தம் படுகுது எண்டு சொல்லுறாள். இந்தக் கல்லுத்தெருவிலை மாட்டு வண்டியிலை போட்டுக் குலுக்கினால் துறைக்குப் போகமுதல் எல்லாம் முடிஞ்சிடும்."

"கட்டிலோடை தூக்கிக்கொண்டு போனால்?"

"ஆர் தூக்கிறது? ஊரிலை ஆம்பிளையள் எண்டு எத்தினை பேர் மிச்சம்? மேற்கிலையிருந்து துறை என்ன கூப்பிடுதூரமே?"

மேரிஜோசப்பின் துருவலை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். யாக்கோப்பு கவிழ்த்த வாளிமேல் குந்தி, கழன்று கிடந்த அச்சைப் பார்த்தபடி இருந்தார். மாசியிலிருந்து அவருக்கு அதுதான் வேலை.

"இஞ்சேருங்கோ, வண்டியைப் பூட்டுங்கோ."

"அந்த வண்டி இனி ஓடாது."

"ஏன் ஓடாது? குதிரை மிரண்டது, ஹெலி வந்தது. அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது? இப்ப உங்கடை பிள்ளையின்ரை உயிர் கிடக்கு."

"குதிரை எண்டால் மிரளும்தான். மிரண்டாலும் பிரளாத வண்டியெல்லோ வேணும்." யாக்கோப்பு எழும்பிப்போய்க் குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். "நாலு காலிலை நிக்கேக்கை இதை ஆட்டிப் பார், அசையாது. முன் கால் ரெண்டையும் நடுவுக்குத் தள்ளிப்போட்டால்? ஒரு விரல் போதும், விழுத்திப் போடலாம். என்ரை வண்டியிலை அதுதான் நடந்தது. முறிச்சுத் திருப்பேக்கை முன்னச்சு முழுக்கத் திரும்பி, ரெண்டு சில்லும் வண்டியின்ரை நடுவயித்துக்குக் கீழை போயிட்டுது. ஹெலி வராட்டிலும் ஒருநாளைக்குப் பிரண்டிருக்கும்."

"அப்ப வேறை மாதிரிச் செய்யுங்கோவன்."

"அச்சு அசையாமல் நிக்கவேணும். சில்லு ரெண்டும் தன்ரை தன்ரை இடத்திலை நிண்டு திரும்பவேணும். அப்ப எப்பிடி முறிச்சாலும் நாலு காலும் நாலு மூலையிலைதான். கொழும்பிலை எத்தினை காருக்குச் செய்திருப்பன்! ஆனால் அதைச் சுத்தியலாலை அடிச்சுச் செய்யேலாது ஜோசப்பின். ஒரு காரின்ரை முன்பக்கம் வேணும்."

தீவில் கார் என்றால் ஒன்றுதான்.

"நான் போய்க் கேக்கட்டே?" என்றாள் மேரிஜோசப்பின்.

"நீ போறது சரியில்லை. நான்தான் போகவேணும்," என்றார் யாக்கோப்பு.

மார்க்கண்டுவின் வீட்டுக்குப் போகிற சின்னத்தெரு முடக்கடியில்தான் பிரியும். செம்பி அங்கே நின்றது. யாக்கோப்பு அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார். பத்தடி போயிருப்பார், முதுகுக்குப் பின்னால் சில்லு உரசுகிற சத்தம் நீளமாகக் கேட்டது. செம்பியின் தோல் தலையிலிருந்து வால்வரை ஒரு தரம் நடுங்கியதை அவர் திரும்பிப் பார்த்தபோது கண்டார். தெரு வெறுமையாகக் கிடந்தது. "சேசுவே," என்று சொல்லிக்கொண்டு நடையைக் கூட்டினார்.

மார்க்கண்டு காருக்குள் இருந்தார். கொட்டிலுக்குள் கறுத்த ஒஸ்டின். அதன் சாரதி இருக்கையில், ஸ்ரேரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எங்கோ ஓடிக்கொண்டிருப்பவர்போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் அவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்றது. காரின் கூரையிலும் கண்ணாடியிலும் சோளகம் கொண்டுவந்த மண் தடிப்பாகப் படிந்திருந்தது. பின் இருக்கையில் வலப்பக்கமும் மண்தான். இடப்பக்கம் மட்டும், ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம், சுத்தமாக மினுங்கியது. மார்க்கண்டு துடைத்திருப்பார் என்று யாக்கோப்பு நினைத்தார். அப்படித்தான் நினைக்க விரும்பினார்.

"மார்க்கண்டு அண்ணை."

"ஆர்? யாக்கோப்புவோ? என்னத்துக்கு வந்தனீர்?"

"ஒரு உதவி கேக்க வந்தனான்."

"கேளும்."

கேட்பதற்கு யாக்கோப்புவின் வாய் வரவில்லை. வேறொன்றுதான் வந்தது. "அண்டைக்கு நடந்தது ஹெலியாலை இல்லை அண்ணை. குதிரையாலையும் இல்லை. என்ரை அச்சாலைதான்."

மார்க்கண்டு ஸ்ரேரிங்கைவிட்டுக் கையை எடுத்தார். கிடுகுக்குள்ளால் காற்றுச் சரசரத்தது.

"எனக்குத் தெரியும்," என்றார் பிறகு. "எத்தினை வருசம் இந்தக் கார் ஓட்டினனான். உம்முடைய வண்டி திரும்பிறதைப் பாத்த முதல் நாளே எனக்கு விளங்கினது. விளங்கியும் அவளை ஏத்தினனான். வேறை என்ன செய்ய? அதை ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. அவளுக்கு மட்டும்தான் சொன்னனான்."

"ஆருக்கு?"

மார்க்கண்டு தலைக்குமேல் இருந்த சின்னக் கண்ணாடியைக் கையால் தொட்டுச் சரிப்படுத்தினார். அதில் பின் இருக்கை தெரிந்தது. "அவளுக்கு," என்றார். "பின்னுக்கு இருக்கிறாள்தானே. காரிலை போவம் எண்டெல்லோ கேட்டவள்."

யாக்கோப்பு பின்பக்கம் பார்க்கவில்லை. மாக்கிறேற்றின் நிலைமையை நிலத்தைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். குறுக்கே கிடக்கும் பிள்ளை, இரத்தம் படுவது, கல்லுத்தெரு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் முன்னச்சு வேண்டுமென்றும் சொன்னார்.

"முன்பக்கத்தைக் கழட்டினால் கார் நிலத்திலை குந்திடும். பேந்து அவள் எப்பிடிப் போறது?"

"அண்ணை..."

"காரிலையே குதிரையைக் கட்டுமன்."

"எத்தினை அந்தர் பாரம் அண்ணை இது! அந்தக் கட்டைக் குதிரை இழுக்காது. நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போம்."

மார்க்கண்டு கதவைத் திறந்து இறங்கினார். மெலிந்து, சாரம் இடுப்பில் நில்லாத அளவுக்கு உருகிப் போயிருந்தார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பின் கதவுக்குப் பக்கத்தில் குனிந்து, யாக்கோப்புவுக்குக் கேளாதபடி ஏதோ சொன்னார். பதிலுக்குக் காத்திருப்பவர்போலச் சற்று நின்றார்.

"எத்தினை பிள்ளைத்தாச்சியளை இந்தக் காரிலை துறைக்குக் கொண்டு போயிருப்பன் தெரியுமே யாக்கோப்பு?" என்றார் நிமிர்ந்து. "ஒருத்தியையும் அவள் தனிய விட்டதில்லை. பின்னுக்கு ஏறி இருந்து, மடியிலை சாய்ச்சு வைச்சுக்கொண்டு வருவாள். எங்களுக்குப் பிள்ளையில்லை. ஆனால் இந்தத் தீவிலை பாதிப் பிள்ளையள் அவளின்ரை மடியாலை போனதுகள்தான்." பின் கதவைத் திறந்தார். "கழட்டும். ஆனால் அச்சை மட்டும் கொண்டு போகேலாது. இந்தப் பின் இருக்கையையும் கழட்டி வண்டியிலை பூட்டவேணும். இடப்பக்கத்திலை ஒருத்தரும் இருக்கப்படாது. குதிரையை நான்தான் ஓட்டுவன். சம்மதமெண்டால் கழட்டும்."

யாக்கோப்பு தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் காலமையே வேலை தொடங்கியது. பனங்குற்றிகளை அடுக்கிக் காரை முண்டு கொடுத்தார்கள். உப்புப் பிடித்த நட்டுகள் அசைய மறுத்தன. வேப்பெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, துணி சுற்றித் தட்டி, மறுபடி ஊற்றி, யாக்கோப்பு ஒவ்வொன்றாக இளக்கினார். மார்க்கண்டு முதலில் தூர நின்று பார்த்தார். ஒரு நட்டு மட்டும் எதற்கும் மசியாமல் நின்றபோது, "அது மாறுபுரி, மற்றப் பக்கம் திருப்பும்," என்றபடி கிட்ட வந்தார். அதன்பிறகு போகவில்லை. அவர்களுக்குள் பேச்சு ஸ்பனர், கம்பி, எண்ணெய் என்ற அளவில்தான். மத்தியானத்தில் மேரிஜோசப்பின் ஒடியல் புட்டும் திருக்கை மீன் சுண்டலும் கட்டிக்கொண்டு வந்தாள். மார்க்கண்டு கோப்பையை வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போய்க் காரின் பின் கதவடியில் வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து எடுத்து வந்து சாப்பிட்டார். ஒருவரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கார் அச்சு ஒற்றை இரும்பாக உருப்படியாக வந்தது. அதன் இரண்டு நுனியிலும் குத்தாக நிற்கும் ஆணியில் சில்லு தனித்தனியே திரும்பும். இரண்டையும் பிணைத்து ஒரு நீளக் கம்பி. ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பும். யாக்கோப்பு வைரம் பாய்ந்த பனைச் சட்டங்களை வெட்டி வண்டிக்கு அடிமரம் செய்தார். காரின் தகட்டு வில்லு வண்டிக்குக் கடினம். பாரம் குறைந்தால் அது மசியாது, கல்லில் ஏறும்போது தூக்கித்தான் போடும். ஆகவே தகடுகளைப் பிரித்து, சிலவற்றை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு எண்ணெய் பூசி அடுக்கினார். பின்பக்கத்துக்குப் பழைய வண்டியின் அச்சே போதும், அதன்மேல் காரின் பின் வில்லுகள். முன் ரயர்களுக்குள் ரியூப் உக்கிப் போயிருந்தது. பனந்தும்பு நாரை முறுக்கி இறுக்கி அடைத்தார். குதிரையின் இரண்டு பக்கமும் போகிற பொல்லுகளை எப்படி அந்த நீளக் கம்பியோடு பூட்டுவது என்பதில் இரண்டு நாள் போயிற்று. மார்க்கண்டுதான் காரின் ஸ்ரேரிங்கிலிருந்து வந்த இரும்புக் கையைக் காட்டி, "இதைத் தலைகீழாப் போட்டுப் பாரும்," என்றார். போட்டார்கள். பொல்லுகளைப் பிடித்து ஆட்டினால் இரண்டு சில்லும் ஆட்டுக்குட்டியின் காதுகள்போல ஒன்றாகத் திரும்பின. அச்சு அசையவில்லை.

யாக்கோப்பு சிரித்தார். மாசிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். உடனே சிரிப்பை விழுங்கினார். மார்க்கண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை மாசியிலை செய்திருக்கலாம்," என்றார் மார்க்கண்டு.

"ஓம் அண்ணை."

"மாசியிலை நீர் வந்து கேட்டிருந்தால் நான் தந்திருக்கமாட்டன். காரைக் கழட்ட விட்டிருக்கமாட்டன்." அவ்வளவு சொல்லிவிட்டுப் பின் இருக்கையைக் கழற்றப் போனார்.

பழக்கிப் பார்ப்பதற்குத் தரவைக்குக் கொண்டுபோனார்கள். மேரிஜோசப்பின் வண்டியில் இருந்து, கழுத்துமட்டும் தண்ணீர் நிரம்பிய குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மார்க்கண்டு செம்பியைக் குறுகிய வட்டத்தில் விரட்டித் திருப்பினார். புற்றரையும் கல்லும் மாறிமாறி வந்தன. குடத்திலிருந்து சேலையில் தெறித்தது கொஞ்சம்தான். ஆனால் சூசையப்பர் முடக்குக்குக் கொண்டுபோனபோது செம்பி நின்றது. அடித்தும் நகரவில்லை, இழுத்தும் நகரவில்லை. கண்ணின் வெள்ளை தெரிய, கல்வேலியைப் பார்த்து மூச்செறிந்தது. முடிவில் பின்னுக்குத் தள்ளித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

துறைக்கு வேறு வழி இல்லை. "அண்டைக்குப் பாப்பம்," என்றார் மார்க்கண்டு.

அந்த நாள் நினைத்ததற்கு முன்னமே வந்தது. காலமை விடிந்து பனைகள் மஞ்சளாகத் தெரிகிற நேரத்தில் மாக்கிறேற் தாயைக் கூப்பிட்டாள். பாயில் இரத்தம். சிவக்கொழுந்து ஓடிவந்து பார்த்தாள். "இனி யோசிக்க நேரமில்லை. கெதியாப் பூட்டுங்கோ," என்றாள். துறைக்கு ஆள் ஓடியது, வள்ளத்தை மறித்து வைக்க. மார்க்கண்டு வெள்ளைச் சட்டை போட்டுத் தலையைச் சீவி வந்திருந்தார். காரோடு ஓடிய காலத்தில் அவர் அப்படித்தான் வருவார். ஒஸ்டினின் பின் இருக்கையில் வலப்பக்கம் தலையணைகள் வைத்து மாக்கிறேற்றைச் சாய்த்தார்கள். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. சிவக்கொழுந்துவும் மேரிஜோசப்பினும் காலடிப் பலகையில் குந்தினார்கள். யாக்கோப்பு நடந்தார், முன் சில்லுக்குப் பக்கத்தில், கையை அடிமரத்தில் வைத்தபடி.

கல்லுத்தெருவில் வண்டி ஆடி ஆடிப் போனது. கல்லில் ஏறும்போது வில்லு தாழ்ந்து எழும்பியது, பலகை குலுங்கவில்லை. "நோகுதோ பிள்ளை?" என்று சிவக்கொழுந்து கேட்டபடியே வந்தாள். "இல்லை அக்கா, தாலாட்டுற மாதிரிக் கிடக்கு," என்றாள் மாக்கிறேற் வெளிறிய உதட்டோடு.

சூசையப்பர் முடக்கில் செம்பி நின்றது.

யாக்கோப்பு அதன் வாயைப் பிடித்து இழுத்தார். கெஞ்சினார். மடியிலிருந்து பனங்கட்டியை எடுத்து நீட்டினார். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. அதன் நான்கு காலும் நடுங்கிக்கொண்டிருந்தன. மாக்கிறேற் முனகினாள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. வண்டி அசையாமல் நிற்க, முன் ரப்பர் ரயர்கள் நிலத்தில் ஊன்றியபடி நிற்க, இரும்புப் பூண் பலகையில் உரசியது, நீளமாக. எல்லாருக்கும் கேட்டது. மேரிஜோசப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள். சிவக்கொழுந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். யாக்கோப்புவின் கையிலிருந்து பனங்கட்டி கீழே விழுந்தது.

மார்க்கண்டு கடிவாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவசரப்படாமல் இறங்கினார். வண்டியைச் சுற்றி வேலிப்பக்கம் போனார். கற்களில் இன்னும் போகாமல் இருந்த கறைக்கு முன்னால் நின்றார்.

"இஞ்சையே நிக்கிறாய்?" என்றார். வீட்டில் மனைவியோடு பேசுகிற சாதாரணக் குரல். "நான் உன்னைக் காருக்குள்ளை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். வெயிலுக்கை நிண்டனியே இவ்வளவு நாளும்?" கையை நீட்டினார். "சரி, வா. உன்ரை சீற்தான். யாக்கோப்பு அச்சை மாத்திப் போட்டான், இனிப் பிரளாது. இந்தப் பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு. நீ பிடிச்சுக்கொள்."

பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் அரக்கி இரு பிள்ளை," என்றார்.

மாக்கிறேற் தாயைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்க்கவில்லை. வலியோடு இடுப்பை உந்தி வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினாள். யாக்கோப்புவின் கை அடிமரத்தில்தான் இருந்தது. அந்தக் கைக்குக் கீழே இடப்பக்கத்து வில்லு மெல்லத் தாழ்ந்ததை அவர் உணர்ந்தார். மாக்கிறேற் அசைந்ததால் இருக்கலாம். ஆனால் அவள் அசைந்தது மற்றப் பக்கம்.

மார்க்கண்டு ஏறிக் கடிவாளத்தை எடுத்தார். "போ," என்றார். செம்பி மூச்சை ஒரு தரம் விட்டது. நடுக்கம் நின்றது. பொல்லுகள் வலப்பக்கம் சாய, இரண்டு சில்லும் தங்கள் தங்கள் இடத்திலேயே நின்று திரும்பின. அச்சு தெருவுக்குக் குறுக்கே அப்படியே கிடந்தது. வண்டி ஒரு பக்கமும் சரியாமல், வேலியில் உரசாமல், முடக்கைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு சத்தமும் இல்லை.

துறையில் வள்ளம் காத்திருந்தது. சோளகத்தில் கடல் வெள்ளையாகக் கொந்தளித்தது. மாக்கிறேற்றை நாலு பேர் பாயில் கிடத்தித் தூக்கி வள்ளத்தில் இறக்கினார்கள். சிவக்கொழுந்துவும் மேரிஜோசப்பினும் ஏறினார்கள். வள்ளத்து ஓட்டி அவசரப்படுத்தினான், நேவி வருகிற நேரம். வள்ளத்தின் பாய் விரிந்தது.

அதற்குப் பிறகு அக்கரையில் சண்டை மூண்டது. கடல் வழி மூடிப்போயிற்று. யாக்கோப்புவுக்குச் செய்தி வந்து சேர ஆடி மாதமாகிவிட்டது. ஒப்பரேசன் செய்து பெண்பிள்ளை, தாயும் சுகம். ஆவணியில் பிள்ளையோடு மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். வந்த புதிதில் மாக்கிறேற் தாயிடம் ஒரேயொரு தரம் கேட்டாள்: "வள்ளத்திலை எனக்குப் பக்கத்திலை இருந்தது சிவக்கொழுந்து அக்காவோ அம்மா?" சிவக்கொழுந்து வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் அல்லவா இருந்தாள் என்றாள் தாய். இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று காலமை, வள்ளத்தின் பாய் நயினாதீவுப் பக்கம் சிறுத்து மறையும்வரை யாக்கோப்பு துறைக் கல்லில் நின்றார். திரும்பியபோது மார்க்கண்டு செம்பியின் வாயைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"யாக்கோப்பு."

"என்ன அண்ணை?"

"நான் குதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், வடிவாக் காணேல்லை. அவள் வள்ளத்திலை ஏறினவளோ?"

காற்று முகத்தில் உப்பை அடித்தது. யாக்கோப்பு வள்ளம் போன திசையைப் பார்த்தார். தான் கண்டது எது, காணாதது எது என்று அவரால் அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஓம் அண்ணை," என்றார். "ஏறினவா. நான் கண்டனான்."

மார்க்கண்டு தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. கடிவாளத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"அப்ப பின்னுக்கு இடம் கிடக்கு," என்றார். "நடக்காதை. நீ ஏறி இரு."